வால் தரையில் படாது

என் கொழுந்தனுக்கு டைனோசர் மேல் ஆசை வந்தது கொச்சியில். ஏலக்காய் வாங்குகிற பார்ட்டி ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் போனவர், டிரைவர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் நுழைந்திருக்கிறார். அங்கே ரப்பரில் செய்த டைனோசர் ஒன்று தலையை ஆட்டி உறுமிக்கொண்டிருந்ததாம். அதன் முன்னால் நின்ற வரிசையைத்தான் இவர் பார்த்தார். மிருகத்தைப் பார்க்கவில்லை. எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கோயிலுக்குப் போனாலும் சாமியைவிட உண்டியல்தான் அவர் கண்ணில் முதலில் படும்.

போடிக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. ரசத்துக்கு வரும்போது சொன்னார்.

"மதினி, ஏலக்காயை நம்பி இனிப் பிரயோசனம் இல்ல. மலை மேல மெட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமா நம்ம சரிவு இருக்குல்ல, அதுல டைனோசர் போடப் போறேன்."

வாழை போடப் போகிறேன் என்பதைப் போலச் சொன்னார். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது பேசமாட்டார். தம்பி விஷயம் என்றால் சாப்பிடாத நேரத்திலும் பேசமாட்டார். ஆகவே நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எந்த டைனோசர், தம்பி?"

"டைனோசர்னா டைனோசர்தான். பெருசா. நீங்க அந்தப் பாடம்தானே நடத்துனீங்க? பலகைக்கு எழுதிக் கொடுங்க. எது என்ன திங்கும், எம்புட்டு நீளம், அப்படி."

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். என் புகுந்த வீட்டில் யாருடைய நாயாவது சோறு தின்னாமல் கிடந்தால் மட்டும்தான் இந்த விஷயம் ஞாபகத்துக்கு வரும். "மதினி அதுக்குத்தானே படிச்சிருக்கு" என்பார்கள். இத்தனை வருஷத்தில் என் படிப்பை ஒரு காரியத்துக்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாருக்குச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நான் மதுரையில் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு இந்தப் பகுதியை நடத்திய பேராசிரியர், பழுப்பேறிய காகிதத்தைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். டைனோசர்கள் உருவத்தில் பெரியவை, அறிவில் சிறியவை. குளிர் ரத்தம் கொண்டவை. தம் உடம்பின் பாரத்தைத் தாமே தாங்க முடியாமல் சதுப்புத் தண்ணீரில் மிதந்து கிடந்தன. ஆகவே அழிந்தன. முற்றுப்புள்ளி. அதில் ஒரு வகைக்குத் தலையில் இருந்த மூளை போதாது என்று இடுப்பிலும் ஒரு மூளை இருந்தது என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். நாங்களும் சிரிக்க வேண்டும்.

பதினாறு கோடி ஆண்டுகள் இந்தப் பூமியை ஆண்ட ஒரு கூட்டத்தை முட்டாள் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் காபி குடிக்கப் போவார். அவர் வாசித்த பல விஷயங்களை அவர் வாசிப்பதற்கு முன்பே வெளியுலகத்தில் தூக்கி எறிந்திருந்தார்கள். இடுப்பு மூளை என்று எதுவும் கிடையாது. எலும்பில் இருந்த ஒரு பொந்தைப் பார்த்து யாரோ எப்போதோ சொன்ன யூகம் அது. நூலகத்தில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் இதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன். "பரீட்சைக்கு நான் சொன்னதை எழுதும்மா" என்றார்.

முதன்முதலில் எலும்பைத் தோண்டி எடுத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பல், ஒரு தொடை எலும்பு, ஒரு கூரான துண்டு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு காண்டாமிருகம்போல நாலு காலில் நிற்கிற ஒரு ராட்சதப் பல்லியை மனசுக்குள் கட்டினார்கள். கூரான துண்டை மூக்கின் மேல் கொம்பாக வைத்தார்கள். பிறகு முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் தெரிந்தது, அது மூக்குக் கொம்பு இல்லை, கட்டைவிரல் நகம்போன்ற முள் என்று. கொம்பைக் கழற்றிக் கையில் மாட்டினார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அடுத்து வந்தவர்கள் அதைக் கங்காருபோல நிமிர்த்தி உட்கார வைத்தார்கள், வாலைத் தரையில் ஊன்றி. எலும்புகள் அதற்கு ஒத்துவரவில்லை. வால் எலும்பு விறைப்பாக நேராக இருந்தது. அதைச் சில இடங்களில் உடைத்து வளைத்து நிற்க வைத்தார்கள். அப்புறம் கல்லாகிப்போன காலடித் தடங்களை உற்றுப் பார்த்தார்கள். கால் பதிந்த சுவடு ஏராளமாக இருக்கிறது, வால் இழுபட்ட கோடு அநேகமாக எங்குமே இல்லை. அப்படியென்றால் வால் தரையில் படவில்லை. உடம்பு தராசுக் கோல்போலப் படுக்கையாக இருந்தது, முன்னால் தலை, பின்னால் வால், நடுவில் இடுப்பு. எலும்பை அறுத்துப் பார்த்து, அவை வெரசாக வளர்ந்த, சுறுசுறுப்பான மிருகங்கள் என்றார்கள். தண்ணீரில் மிதந்ததாகச் சொன்ன நீளக் கழுத்து மிருகம் கரையேறி நடக்கத் தொடங்கியது. கடைசியில் சீனாவில் கல்லைப் பிளந்தபோது, சின்ன டைனோசர்களின் உடம்பைச் சுற்றிச் சிறகின் அச்சு இருந்தது. பறவைகள் டைனோசர்களுக்கு உறவு என்று சிலர் வெகுகாலமாகச் சொல்லிவந்ததுதான். இப்போது அது உறவு என்பதையும் தாண்டிப்போனது. பறவைகளே டைனோசர்கள்தாம். விண்ணிலிருந்து கல் வந்து விழுந்து எல்லாம் முடிந்துபோன பிறகும் மிச்சமிருந்து தப்பித்துப் பறந்தவை.

அந்தச் செய்தி வந்த நாளில் ஆசிரியர் அறையில் அதை வாசித்துக் காட்டினேன். எனக்கு மேனி சிலிர்த்திருந்தது. இயற்பியல் எடுத்தவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அப்ப இத்தனை நாளும் நீங்க நடத்துனதெல்லாம் பொய்யா, டீச்சர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் சனிக்கிழமைகளில் எலுமிச்சம்பழத்தைத் தன் மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

பலகைக்கு எழுத உட்கார்ந்தபோது இதெல்லாம்தான் மனதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து எழுதினேன். முன்பு இப்படி நினைத்தோம், பிறகு இது கிடைத்தது, இப்போது இப்படி நினைக்கிறோம், இன்னும் இன்னது தெரியாது என்று ஒவ்வொரு மிருகத்துக்கும் எளிய தமிழில். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சந்தோஷமாகச் செய்த வேலை அது.

மாசி கடைசியில் கொழுந்தன் என்னை இடத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகளுக்கு நடுவே எங்கள் ஜீப்பும் வளைவு வளைவாக ஏறியது. மெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சரிவு. அங்கே என் மாமனார் காலத்து ஏலச்செடிகள் இருந்தன, அவற்றுக்கு நிழலாகப் பெரிய மரங்கள் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. சிவந்த மண், நடுவில் சிமெண்டு மூட்டை.

"வெளிச்சமா இருக்குல்ல, மதினி?" என்றார் கொழுந்தன்.

சிலை செய்கிறவர் மதுரைப் பக்கத்து ஆள். அதுவரை தலைவர்களின் சிலைகள்தான் செய்திருக்கிறார். அதை அவர் சொல்லவே வேண்டியதில்லை. பெரிய டைனோசர் இரண்டு காலில் தந்திக்கம்பம்போல நிமிர்ந்து நின்று, வலது கையை நீட்டி, மக்களுக்கு எதிர்காலத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு துண்டு போட்டால் எந்தக் கட்சிக்கும் பொருந்தியிருக்கும். வால் தடிமனாகத் தரையில் இறங்கி மண்ணுக்குள் புதைந்திருந்தது. பக்கத்தில் நீளக் கழுத்து மிருகம் ஒன்று, மூன்று கொம்பு வைத்தது ஒன்று. எல்லாவற்றுக்கும் கிளிப்பச்சை வர்ணம்.

"வால் தரையில படாதுங்க. தூக்கி நேரா இருக்கணும். உடம்பும் நிமிர்ந்து இருக்காது" என்றேன்.

சிலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாலை ஊனலேன்னா சாஞ்சிரும், டீச்சரம்மா. ரெண்டு காலுல இம்புட்டு வெயிட்டு நிக்குமா?"

"அதுக்குத்தான் வால். தலைப்பக்கத்து பாரத்துக்குச் சரியா பின்னாடி வால் பாரம். இடுப்புல நிக்கும். நான் படம் போட்டுத் தர்றேன்."

கொழுந்தன் குறுக்கே வந்தார். "மதினி, அப்படிச் செஞ்சா குனிஞ்ச மாதிரில்ல இருக்கும்? குனிஞ்சு நின்னா எவன் பயப்படுவான்?"

"சரி, பக்கத்துல சின்ன வகை ஒண்ணு வைங்க. சிறகோட. அதுதான் இப்பக் கண்டுபிடிச்சதுல பெரிய விஷயம்."

"சிறகா?" அவர் சிலைக்காரரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். "கோழியப் பாக்க எவன் மதினி மலையேறி வருவான்? கோழி வீட்டுலயே இருக்கு."

நான் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். காலில் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிய்த்துப் போடும்போது, அங்கே நின்றுகொண்டிருந்த இரண்டு பேரையும்விட அந்த அட்டை அதன் தொழிலை ஒழுங்காகச் செய்கிறது என்று நினைத்தேன்.

பலகைகளாவது என்னுடையவை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை. சித்திரையில், பள்ளி விடுமுறைக்குத் திறப்பு விழா வைத்தார்கள். போய் இறங்கி முதல் பலகையைப் படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

'குமரிக்கண்டத்தில் ஆதித்தமிழர்கள் வளர்த்த மாபெரும் விலங்கு இது. இதில் ஏறியே நம் முன்னோர் கடல் கடந்தனர். இந்த உண்மையை உலகம் மறைக்கிறது.'

தேனிப் பக்கத்தில் காணொளி போடுகிற ஒருவர் எழுதியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். வரலாற்று ஆய்வாளர் என்று தன் செலவிலேயே அட்டை அடித்து வைத்திருந்தார். அவரிடமே கேட்டேன்.

"டைனோசர் அழிஞ்சது ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால. மனுஷன் வந்தது நேத்து மாதிரி. இவங்க எப்படி அதுல ஏறுனாங்க?"

"அது வெள்ளைக்காரன் போட்ட கணக்கும்மா" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. "நாம ஏன் அதை ஏத்துக்கணும்?"

வெள்ளைக்காரன் செய்த கைபேசியை வெள்ளைக்காரன் செய்த குச்சியில் மாட்டிக்கொண்டு அவர் அடுத்த மிருகத்தின் பக்கம் போனார்.

என் எழுத்து எங்கே என்று கொழுந்தனிடம் கேட்டேன். "அது ரொம்ப இழுவையா இருந்துச்சு, மதினி. முன்னாடி அப்படி, பின்னாடி இப்படின்னு. சனங்களுக்கு ஒண்ணைச் சொன்னா உறுதியாச் சொல்லணும்."

விழாவுக்கு வந்த பிரமுகர் ரிப்பன் வெட்டிவிட்டு, இந்த டைனோசரைப்போல அண்ணன் தன் தொழிலில் ஓங்கி நிற்க வேண்டும் என்று வாழ்த்தினார். அது அழிந்துபோன இனம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். நான் அவரைப் பார்த்ததும் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

கூட்டம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூணாறு போகிற கார்களெல்லாம் நின்றன. பிரமுகரைப்போல நின்ற டைனோசருக்குக் கீழே பிரமுகரைப்போல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட ஒரு பலகையை முழுசாகப் படிக்கவில்லை. அந்த மட்டில் குமரிக்கண்டம் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

வைகாசியில் ஒரு நாள் சாப்பாட்டில் கொழுந்தன் என்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று பேச்சை எடுத்தார்.

"கோவிச்சுக்கிறாதீங்க. உங்க சயின்ஸ்காரங்க பேச்சை எப்படி நம்புறது? முதல்ல பல்லிங்கிறான். அப்புறம் கங்காருங்கிறான். இப்பக் கோழிங்கிறான். நாளைக்கு மாடும்பான். மாத்தி மாத்திப் பேசுறவன்கிட்ட நம்ம ஊருல எவனாவது யாவாரம் பண்ணுவானா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"தம்பி, ஏலத்துல ஒரு லாட்டுக்குக் காய் கொட்டிக் காட்டுறாங்க. முதல்ல தூரத்துல பாத்து நல்ல பச்சைன்னு சொல்றீங்க. கையில எடுத்து உருட்டிப் பாத்துட்டு, சாயம் ஏத்துனதுன்னு சொல்றீங்க. உடைச்சு உள்ள இருக்கிற அரியைப் பாத்துட்டு, இளங்காய்னு சொல்றீங்க. மூணு தடவை மாத்துனீங்க. அப்ப நீங்க பொய்யரா?"

"அது எப்படி? சரக்கைப் பாக்கப் பாக்கத்தானே தெரியும்?"

"அவங்களும் சரக்கைப் பாத்துத்தான் சொல்றாங்க. அவங்க சரக்கு கல்லுக்குள்ள இருக்கு. உடைக்க உடைக்கத்தான் தெரியும்."

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அவர் உதட்டில் ஏதோ அசைந்தது.  கொழுந்தன், "இருந்தாலும் அது வேற, இது வேற" என்று சொல்லி மோர் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய உண்மையையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம். மூன்று தேர்தலில் மூன்று கொடியை வீட்டு மாடியில் கட்டியவர் அவர். ஆனால் விஞ்ஞானம் மட்டும் சொன்ன சொல்லில் கடைசிவரை நிற்க வேண்டும்.

ஆனியில் மழை பிடித்தது. மெட்டுக்கு அந்தப் பக்கம் மழை என்றால் போடியில் இருப்பவர்களுக்குப் புரியாது. இங்கே வெயிலடிக்கும், அங்கே நாள் முழுக்கக் கொட்டும். செடியையும் மரத்தையும் பிடுங்கிய சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. ஒரு காலையில் எஸ்டேட் ஜீப்பு டிரைவர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, உங்க சிலை ரெண்டு கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்று கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது வால் மட்டும் ஒடிந்து புதைத்த இடத்திலேயே கிடந்தது. கால் ஊன்றிய இடத்தில் மண் கரைந்து, மேல்பக்கப் பாரம் தாங்காமல், பெரிய டைனோசர் முன்பக்கமாகச் சாய்ந்து, நீட்டிய கையை நீளக் கழுத்து மிருகத்தின் முதுகில் போட்டிருந்தது. கடை மூடிய பிறகு வீட்டுக்குப் போகிற இரண்டு குடிகாரர்கள்போல நின்றன. நான் சிரித்தேன். அங்கே வேறு யாரும் சிரிக்கவில்லை.

கொழுந்தன் வெகுநேரம் குடையோடு நின்றார். பிறகு என் பக்கம் வந்தார்.

"மதினி, அன்னைக்கு ஒங்க டிசைன் ஒண்ணு சொன்னீங்களே. தராசு மாதிரின்னு."

என் டிசைன். கோடிக்கணக்கான வருஷம் அந்த மிருகம் ஓடித் திரிந்த விதம் அவருக்கு என் டிசைன்.

ஆனாலும் படம் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை சிலைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. பாறை தெரிகிற இடமாகப் பார்த்து, இரும்புச் சட்டத்தைக் கால் வழியாக இறக்கி, இடுப்பை நடுவாக வைத்துக் கட்டினார். கையை மடக்கி மார்போடு சேர்த்தார். உடம்பு படுக்கையாக வந்தது. வால் பின்னால் விறைப்பாக நீண்டது. ஆவணியில் மழை விட்ட ஒரு நாள் போனேன். இன்னும் வர்ணம் அடிக்கவில்லை, சிமெண்டு நிறத்திலேயே இருந்தது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்து கால்களை மறைத்தபோது, அது ஓடி வந்து ஒரு கணம் நின்று எதையோ மோப்பம் பிடிப்பதுபோல இருந்தது.  இத்தனை காலம் காகிதத்தில் படித்தது ஏலக்காட்டின் நடுவில் என் முன்னால் நிற்கிறது. சிலைக்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். "இப்பத்தாம்மா உசுரு வந்திருக்கு" என்றார்.

அந்த ஒரு நாள்தான். அடுத்த மாதம் கொழுந்தனிடமிருந்து போன் வந்தது.

"மதினி, நீங்க சொன்னபடியே சிறகும் வச்சாச்சு! லேட்டஸ்ட் சயின்ஸ்னு பேனரே அடிச்சிட்டேன். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஓடிவந்து நின்ற அந்த மிருகத்தின் மேல் தேங்காய் நாரையும், சாயம் போட்ட பிளாஸ்டிக் துடைப்பத்தையும் பிய்த்து ஒட்டியிருந்தார்கள். அதற்கு மட்டும் இல்லை. நீளக் கழுத்து மிருகத்துக்கும். மூன்று கொம்பு வைத்ததற்கும். ஈரத்தில் நனைந்து மூன்றும் கழுவாத துடைப்பக்கட்டைகள்போல இருந்தன. ஏற்கெனவே குரங்குகள் ஏறி உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தன.

"தம்பி, எல்லாத்துக்கும் சிறகு கிடையாது. சின்ன வகைங்க பலதுக்கு இருந்துச்சு. இந்தப் பெருசோட தோல் அச்சு கிடைச்ச இடத்துலயெல்லாம் செதில்தான் இருக்கு. குட்டியா இருக்கும்போது கொஞ்சம் பூமயிர் இருந்திருக்கலாம்னு நெனைக்கிறாங்க, உறுதியாத் தெரியாது. நீளக் கழுத்துக்குச் சிறகு இருந்ததா யாருமே காட்டல."

அவர் முகம் சிவந்தது. "நீங்களும் அவங்களை மாதிரியே பேசுறீங்க. ஒரு தடவை சிறகு வேணும்ங்கிறீங்க. வச்சா, வேண்டாம்ங்கிறீங்க. ஒண்ணுல நில்லுங்க, மதினி!"

முன்பு பழசைக் கட்டிக்கொண்டு அழுதவர் இப்போது புதுசைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு தடவையும் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சதுப்பில் மிதந்த கதையை வாசித்த என் பேராசிரியரைவிட இவர் ஒரு படி கீழே என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவராவது காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

வந்த சனங்கள் மட்டும் எந்த விதத்தில் ஒசத்தி? நிமிர்ந்து நின்று வாலை ஊன்றிய பச்சைப் பிரமுகருக்குக் கீழே வரிசையில் நின்றவர்கள் இப்போது கேலி செய்தார்கள். நான் இருந்த மதியத்திலேயே மூணாறு பக்கமிருந்து வந்த ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி, "எந்தா சேட்டா, வலிய கோழியோ?" என்று, பெரிய கோழியா என மலையாளத்தில் கேட்டுவிட்டு நிறுத்தாமல் போனார். மதுரையிலிருந்து பஸ்சில் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு வாத்தியார், பெரிய டைனோசரைக் காட்டி, "இதெல்லாம் தப்பு. டைனோசர் இப்படிக் குனிஞ்சு நிக்காது. நிமிர்ந்து நிக்கும், வால் தரையில இருக்கும். புக்குல பாருங்க" என்றார். அந்தச் சிலையில் சரியாக இருந்த ஒரே விஷயத்தைத் தேடிப் பிடித்துத் தப்பு என்றார். நான் எழுந்து போய், "வால் தரையில படாதுங்க, சார்" என்றேன். "நீங்க யாரும்மா, டிக்கெட் கிழிக்கிறவங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். அந்த ஆளுக்குப் பாடம் எடுக்க எனக்கு அரசாங்கம் சம்பளம் தருவதை நிறுத்திவிட்டது.

அடுத்த கோடைக்குள் பூங்கா படுத்துவிட்டது. குரங்குகள் சிறகை முழுசாக உரித்துவிட்டன. நீளக் கழுத்து மிருகத்தின் கழுத்தில் பக்கத்து எஸ்டேட் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள். பிழைக்கத் தெரிந்த கொழுந்தன் முன்பக்கத்தை ஒரு டீக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் வாடகைக்கு விட்டுவிட்டார். காணொளிக்காரர் வேறு கண்டத்துக்குப் போய்விட்டார். மீதிச் சரிவில் மறுபடியும் ஏலச்செடி வைத்திருக்கிறார்கள், நிழலுக்கு மரம் வளர இன்னும் காலம் ஆகும்.

இந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் கொழுந்தனிடமிருந்து போன். கறி எடுக்கிற நாள். நான் உலையில் அரிசி போட்டிருந்தேன்.

"மதினி, ஒரு சந்தேகம். கோழி உரிச்சுக்கிட்டிருக்காங்க, சும்மா பாத்துக்கிட்டிருந்தேன். இதோட கால்ல செதில் இருக்கு. பாம்புக்கு இருக்கிற மாதிரி."

"ஆமா."

"நெஞ்சுக்கு மேல கவட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்கு. டைனோசருக்கும் இருக்குமா?"

 அவர் சொன்னது பறவைகளில் இரண்டு காறை எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்த எலும்பு. பறவையையும் டைனோசரையும் சேர்த்துக் கட்டுகிற முக்கியமான முடிச்சுகளில் ஒன்று அது. டைனோசருக்கு அது இல்லை என்று நம்பிப் பெரிய பெரிய ஆட்கள் வெகுகாலம் தப்பான பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

"இருக்கு, தம்பி. அவங்களும் முதல்ல இல்லேன்னுதான் நெனச்சாங்க. அப்புறம் கிடைச்சுது."

"அட. அப்ப மயிலும் அதேதானா?"

"மயிலும்தான். காக்காயும்தான்."

 அந்தப் பக்கம் கத்தி பலகையில் படுகிற ஓசை கேட்டது.

"அப்ப பல்லி?"

"பல்லி இல்ல."

"என்ன மதினி இது! பல்லிதானே அச்சு அசலா அப்படியே இருக்கு?"

"பாக்குறதுக்கு அப்படி இருக்கு. உள்ள எலும்பு வேற."

"எப்படி வேற?"

அவர் மேல் எனக்கு இருக்கிற அபிப்பிராயம் எள்ளளவும் மாறவில்லை. மரத்தை வெட்டியவர், என் எழுத்தைத் தூக்கிப் போட்டவர், உயிரோடு நின்ற ஒரு மிருகத்தின் மேல் துடைப்பத்தை ஒட்டியவர். ஆனாலும், அத்தனை பேரிலும் ஒருத்தர் முதல்முறையாக எப்படி என்று கேட்டுவிட்டார். அதுவும் இவர் கேட்டுத் தொலைத்துவிட்டார். பல்லியின் கால் பக்கவாட்டில் விரிந்து நிற்பதையும், டைனோசரின் கால் உடம்புக்கு நேர் கீழே தூண்போல இறங்குவதையும், இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு பொந்து இருப்பதையும் சொல்லத் தொடங்கினேன். கோழியின் இடுப்பைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். யாரிடமோ "கொண்டா இங்க" என்று அதட்டிவிட்டு, "இருக்கு, மதினி, ஓட்டை இருக்கு, விரல் போகுது" என்று கத்தினார்.

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தானே போய் அடுப்பை அணைத்தார்.